ஆறு எதுவரை வரும்?

1999 செப்டம்பர் 16 அன்று ஃப்ளாய்ட் புயல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கேப் ஃபியர் அருகே கரையேறியது. காற்றைவிட மழைதான் அதிகச் சேதம் செய்தது. சில நாட்களுக்கு முன்புதான் டென்னிஸ் என்ற இன்னொரு புயல் பெய்துவிட்டுப் போயிருந்ததால், மண் ஏற்கெனவே ஊறிக் கிடந்தது. டார் ஆறு கரைபுரண்டது. அதன் கரையில் இருக்கும் சிற்றூர் பிரின்ஸ்வில். உள்நாட்டுப் போர் முடிந்த 1865-ல் விடுதலை பெற்ற அடிமைகள் குடியேறிய இடம் அது. 1885-ல் தனி நகரமாகப் பதிவானது. ராணுவப் பொறியாளர் படை கட்டிக்கொடுத்த கரையணை இருந்தும் ஊர் மூழ்கிப்போனது.

வெள்ள அபாயப் பகுதி என்று வரைபடத்தில் குறிக்கப்படாத இடங்களிலும் அந்த மாநிலத்தில் தண்ணீர் நின்றது. வரைபடங்களில் பாதிக்கு மேற்பட்டவை பத்தாண்டுகளுக்கும் மேல் பழையவை. மாநிலத்தில் மாவட்டம் போன்ற 100 கவுண்டிகள். நடுவண் அரசின் நிதி சராசரியாக ஆண்டுக்கு ஒரு கவுண்டியின் வெள்ள ஆய்வைப் புதுப்பிக்கத்தான் போதுமானதாக இருந்தது. அந்த வேகத்தில் நூறாவது கவுண்டியை முடிக்கும்போது முதல் கவுண்டியின் வரைபடத்துக்கு நூறு வயது ஆகியிருக்கும். ஆகவே 2000-ல் வட கரோலினா, கூட்டாட்சி அவசரகால மேலாண்மை முகமையான ஃபீமாவுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு அந்த வேலையைத் தன் கையில் எடுத்தது. பொறியியல் நிறுவனங்களை அமர்த்தி, மாநிலம் முழுவதையும் விமானத்திலிருந்து அளந்து, எல்லா வரைபடங்களையும் கணினிக்குக் கொண்டுவருவது திட்டம். நாடு முழுவதும் பின்னால் நடந்ததற்கு அது முன்மாதிரி ஆனது.

ஒரு வரைபடத்துக்கு இத்தனை பாடு எதற்கு என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1965-ல் பெட்ஸி புயல் லூயிசியானாவில் பெருஞ்சேதம் விளைவித்தது. வெள்ளச் சேதத்துக்குக் காப்பீடு தரத் தனியார் நிறுவனங்கள் தயங்கிய காலம் அது. 1968-ல் அரசே தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. எந்த வீடு எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று தெரியாமல் பிரீமியம் நிர்ணயிக்க முடியாது. வரைபடம் வந்தது அதற்காகத்தான். 1973-ல் இன்னொரு சட்டம் வந்தது. அபாயப் பகுதிக்குள் இருக்கும் வீட்டை வங்கிக் கடனில் வாங்குபவருக்கு வெள்ளக் காப்பீடு கட்டாயமாயிற்று. அன்றிலிருந்து அந்த வரைபடத் தாளில் ஓடும் எல்லைக்கோடு, ஒரு குடும்பத்தின் மாதச் செலவைத் தீர்மானிக்கிறது. புது வீட்டின் தரைத்தளம் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும், ஆற்றோரம் எதைக் கட்டக்கூடாது என்பதையும் உள்ளாட்சி அந்தக் கோட்டை வைத்துத்தான் முடிவு செய்கிறது.

அந்தக் கோடு எந்த வெள்ளத்தின் எல்லை? எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு ஒரு சதவீத வாய்ப்புள்ள வெள்ளம். இதைத்தான் நூறாண்டு வெள்ளம் என்கிறார்கள். நூறு ஆண்டுக்கு ஒருமுறை வந்துவிட்டுப் போய்விடும் என்று இதற்குப் பொருள் இல்லை. இந்த ஆண்டு வந்தது அடுத்த ஆண்டும் வரலாம். 30 ஆண்டு வீட்டுக்கடன் முடிவதற்குள் அப்படி ஒரு வெள்ளத்தை ஒருமுறையாவது சந்திக்கும் வாய்ப்பு 26 சதவீதம். ஏறக்குறைய நாலில் ஒன்று. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய எண் இது.

கோட்டைப் போடும் வேலை நிலத்தை அளப்பதில் தொடங்குகிறது. சிறு விமானம் ஒன்று லைடார் கருவியுடன் பறக்கிறது. கருவி நொடிக்குப் பல்லாயிரம் லேசர் துடிப்புகளைக் கீழே அனுப்பி, ஒவ்வொன்றும் பட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரத்திலிருந்து தரையின் உயரத்தைக் கணக்கிடுகிறது. மரங்கள் இலையுதிர்த்து நிற்கும் குளிர்காலத்தில்தான் பறப்பார்கள். அப்போதுதான் கிளைகளுக்கு இடையே புகுந்து ஒளி மண்ணைத் தொடும். பிறகு மரம், வீடு, பாலம் ஆகியவற்றில் பட்ட புள்ளிகளை நீக்கி வெறும் தரையை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள்.

ஆனால் இந்த லேசர் தண்ணீருக்குள் போகாது. ஆற்றின் அடித்தளம் அதற்குத் தெரியாது. அங்கே மனிதர்கள்தான் இறங்கியாக வேண்டும். நில அளவையாளர்கள் ஆற்றின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை அளந்து குறுக்குவெட்டு எடுக்கிறார்கள். சற்றுத் தள்ளி இன்னொன்று, அதற்கப்பால் இன்னொன்று. பாலத்தின் தூண் எவ்வளவு பருமன், சாலைக்கு அடியில் செல்லும் குழாய் எவ்வளவு அகலம், அதில் பாதி மண் அடைத்திருக்கிறதா என்பதெல்லாம் நேரில் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டியவை. வெள்ளம் முட்டிக்கொண்டு பின்னால் தேங்குவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான். செலவைக் குறைக்க நினைக்கும்போது முதலில் கைவைக்கப்படுவதும் இந்தக் களவேலையில்தான்.

அடுத்த கேள்வி, எவ்வளவு தண்ணீர் வரும் என்பது. அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் 1889-ல் நியூ மெக்சிகோவில் ரியோ கிராண்டே ஆற்றின் எம்புடோ என்ற இடத்தில் தன் முதல் நீரளவை நிலையத்தை அமைத்தது. இன்று அப்படிப்பட்ட நிலையங்கள் நாடு முழுவதும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டின் உச்ச வெள்ளத்தையும் வரிசையாக வைத்து, அந்தப் பட்டியலிலிருந்து ஒரு சதவீத வெள்ளத்தைப் புள்ளியியல் முறையில் கணக்கிடுகிறார்கள். இதில் ஒரு சங்கடம் உண்டு. 40 ஆண்டுப் பதிவை வைத்து நூறாண்டு வெள்ளத்தைக் கணிக்கும்போது, பதிவில் இல்லாத பெருவெள்ளத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். நிலையமே இல்லாத சிற்றோடைகளுக்கு, அதே வட்டாரத்தில் அளவீடு உள்ள ஆறுகளோடு ஒப்பிட்டு மதிப்பிடுவதைத் தவிர வழியில்லை.

தண்ணீரின் அளவு தெரிந்த பிறகு அது எவ்வளவு உயரம் ஏறும் என்பதைக் கணினியில் ஓடும் ஒரு கணித மாதிரி சொல்கிறது. பெரும்பாலும் பயன்படுவது ராணுவப் பொறியாளர் படையின் ஹெக்-ராஸ் என்ற மென்பொருள். கலிபோர்னியாவின் டேவிஸ் நகரிலுள்ள நீரியல் பொறியியல் மையத்தில் உருவானது, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். குறுக்குவெட்டுகளையும் நீரின் அளவையும் கொடுத்தால் ஒவ்வோர் இடத்திலும் நீர்மட்டம் என்ன என்று கணக்கிடும். ஆனால் அதற்குப் பொறியாளர் இன்னோர் எண்ணும் தர வேண்டும். அது தரையின் சொரசொரப்பு. அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மேனிங்கின் பெயரால் அழைக்கப்படும் இந்தக் கெழு, வழவழப்பான கான்கிரீட் வாய்க்காலுக்கு 0.013 அளவில் இருக்கும். புதர் மண்டிய வெள்ளச் சமவெளிக்கு 0.1 அளவுக்குக்கூடப் போகும். இதை நேரடியாக அளந்து சொல்லும் கருவி கிடையாது. பொறியாளர் கரையில் நடந்து, கல்லையும் செடியையும் பார்த்து, தன் தீர்ப்பால் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கிறார். அவருக்குத் துணையாகப் புவியியல் ஆய்வகம் 1967-ல் ஒரு புத்தகம் வெளியிட்டது. 50 ஆற்றுப் பகுதிகளின் புகைப்படங்கள், ஒவ்வொன்றுக்கும் உரிய சொரசொரப்பு எண். தன் முன்னே ஓடும் ஆற்றைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுக்கலாம். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் அந்தப் புத்தகம்தான்.

மாதிரி சரியா என்று பார்க்கப் பழைய வெள்ளமே சாட்சி. தண்ணீர் வடிந்ததும் சுவரில் படிந்த சேற்றுக்கோடு, மரப்பட்டையில் ஒட்டிய குப்பை ஆகியவற்றின் உயரத்தை அளந்து வைத்திருப்பார்கள். அதே வெள்ளத்தை மாதிரிக்குள் ஓடவிட்டு இரண்டும் பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். பொருந்தாவிட்டால் மறுபடியும் களத்துக்கு.

கடைசியில், கணக்கிட்ட நீர்மட்டத்தை லைடார் தந்த தரையோடு சேர்த்தால் இரண்டும் சந்திக்கும் இடமே வெள்ளத்தின் எல்லை. மலைச்சரிவில் நீர்மட்டத்தில் ஓரடி பிழை வந்தால் கோடு சில அடிகள்தான் நகரும். கடலோரச் சமவெளியில் அதே ஓரடி, கோட்டைப் பல பத்து அடிகள் தள்ளிவிடும். ஒரு வீடு உள்ளே இருந்து வெளியே போக அது போதும்.

இவ்வளவு வேலைகளையும் அரசு அலுவலகம் தானே செய்வதில்லை. ஆலோசனைப் பொறியியல் நிறுவனங்களுக்குக் கொடுக்கிறது. எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. குறைந்த விலைப்புள்ளி கொடுத்தவருக்கே டெண்டர் என்பது நமக்குப் பழகிய முறை. அமெரிக்காவில் 1972-ன் ப்ரூக்ஸ் சட்டப்படி, நடுவண் அரசு பொறியியல், நில அளவை போன்ற சேவைகளுக்கு முதலில் தகுதியை மட்டும் பார்த்து நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விலைப் பேச்சு அதன் பிறகுதான். படியாவிட்டால் தகுதிப் பட்டியலில் அடுத்தவரிடம் போக வேண்டும். வெள்ள வரைபடத்துக்கு இந்த முறை மிகப் பொருத்தமானது என்பது என் எண்ணம். ஒரு சாலையை மோசமாகப் போட்டால் அடுத்த மழையில் பல்லிளிக்கும். அரைகுறை அளவீட்டில் வரைந்த வரைபடமோ நல்ல வரைபடத்தைப் போலவேதான் இருக்கும். பெருவெள்ளம் வரும்வரை யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

2003-ல் ஃபீமா நாடு தழுவிய வரைபட நவீனமயமாக்கல் திட்டத்தைத் தொடங்கியது. ஐந்தாண்டு, நூறு கோடி டாலர் என்ற அளவில் கணக்குப் போட்டார்கள். அப்போது நாட்டில் 90,000-க்கும் மேற்பட்ட வரைபடத் தாள்கள் இருந்தன. அவற்றில் ஏறக்குறைய 70 சதவீதம் பத்தாண்டுக்கு மேல் பழையவை. 2004 மார்ச்சில் மைக்கேல் பேக்கர் என்ற பொறியியல் நிறுவனத்துக்கு 75 கோடி டாலர் வரையிலான ஒருங்கிணைப்பு ஒப்பந்தம் கிடைத்தது. மாநிலங்களும் உள்ளூர் அமைப்புகளும் தங்கள் பங்குக்கு வேறு நிறுவனங்களை அமர்த்தின.

சிக்கலும் இங்கேதான் வந்தது. பழைய தாளைக் கணினிக்கு ஏற்றுவது எளிது; ஆற்றை மறுபடி அளப்பது கடினம், செலவும் பன்மடங்கு. இத்தனை தாள்களைக் கணினிக்கு மாற்றினோம் என்று கணக்குக் காட்ட முடிந்ததால், பல இடங்களில் பழைய கோடே புதுத் திரைக்கு இடம்பெயர்ந்தது. துல்லியமான வான்படத்தின் மேல் அந்தக் கோடு விழுந்தபோது சில இடங்களில் அது ஆற்றை விட்டே விலகி நின்றது. அந்தப் பழைய கோடு காகிதத்தில் கிடந்தபோது பார்ப்பவருக்கு அதன்மேல் ஒரு சந்தேகமாவது இருந்தது. பளிச்சென்ற திரையில், உங்கள் வீட்டுக் கூரையைத் தொட்டும் தொடாமலும் ஓடும்போது அந்தச் சந்தேகமும் போய்விடுகிறது. அறுபதுகளிலோ எழுபதுகளிலோ அளந்த நிலமட்டத்தின் மேல் நிற்கும் கோடு, புள்ளி பிசகாமல் கணினியில் ஏறினாலும் அந்தக் காலத்து உண்மையைத்தான் சொல்லும். இடையில் வந்த பேரங்காடிகளும் வாகன நிறுத்துமிடங்களும் மழைநீரை மண்ணுக்குள் விடாமல் ஓடைக்குத் தள்ளுவது அதற்குத் தெரியாது.

நாடாளுமன்றத்திலும் வல்லுநர்களிடமும் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு 2006-ல் ஃபீமா திட்டத்தைத் திருத்தியது. எல்லாத் தாள்களையும் மாற்றுவது என்ற இலக்கைத் தளர்த்தி, எல்லைக்கோடு உண்மையான நிலமட்டத்தோடு பொருந்துகிறதா என்ற சோதனையைக் கொண்டுவந்தது. அந்தத் திருத்திய திட்டத்திலும் புதிய அல்லது புதுப்பித்த பொறியியல் ஆய்வுக்கு வைத்த இலக்கு, வரைபடமிட்ட ஆற்று நீளத்தில் 30 சதவீதம்தான். தேசிய ஆராய்ச்சி மன்றம் 2009-ல் வெளியிட்ட அறிக்கை வட கரோலினாவின் ஆறுகளை வைத்தே இதை ஆராய்ந்தது. வரைபடத்தின் நம்பகத்தன்மையை மற்ற எதையும்விட அதிகமாகப் பாதிப்பது நிலமட்டத் தரவுதான் என்பது அதன் முடிவு. பணத்தை எங்கே செலவிட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை.

நன்றாக அளந்த வரைபடத்துக்கும் எல்லை உண்டு. டெக்சாஸின் ஹாரிஸ் கவுண்டி, 2001-ல் ஆலிசன் புயல் அடித்த பிறகு லைடாரில் நிலத்தை அளந்து 2007-ல் புது வரைபடங்களைக் கொண்டுவந்தது. 2017-ல் ஹார்வி புயல் வந்தபோது அங்கே சுமார் 1,54,000 வீடுகளில் தண்ணீர் புகுந்தது. அவற்றில் சுமார் 49,000 மட்டுமே நூறாண்டு எல்லைக்குள் இருந்தவை. ஹார்வியின் மழை பல இடங்களில் அந்த ஒரு சதவீத அளவைத் தாண்டிவிட்டது உண்மை. இன்னொரு காரணமும் உண்டு. இந்த வரைபடங்கள் ஆறும் கடலும் ஏறி வருவதைக் காட்டுபவை. தெருவில் பெய்த மழை வடிகாலில் இறங்க வழியில்லாமல் வீட்டுக்குள் வருவது இவற்றில் இல்லை.

கோடு சரியில்லை என்று நினைப்பவர் எதிர்த்து வாதாடலாம். புதிய நீர்மட்டங்களை அறிவித்ததும் 90 நாள் மேல்முறையீட்டுக் காலம் உண்டு. வெறும் புகார் எடுபடாது; தரவும் கணக்கும் தர வேண்டும். நியூயார்க் நகரம் 2015-ல் பொறியாளர்களைக் கொண்டு அப்படி மேல்முறையீடு செய்தது. கணிப்பு உண்மையைவிட உயரமாக இருக்கிறது என்ற அதன் வாதத்தை ஏற்று, வரைபடத்தைத் திருத்த 2016-ல் ஃபீமா ஒப்புக்கொண்டது. தனி வீட்டுக்காரரும் நில அளவையாளரைக் கொண்டு தன் மனையின் உயரத்தைச் சான்றளித்து விலக்குக் கேட்கலாம்.

ஹூஸ்டனிலோ ராலேயிலோ வீடு பார்த்துக்கொண்டிருக்கும் நம் உறவினர்கள் பலர், முகவரியைத் தட்டி, வீடு நிறம் தீட்டிய பகுதிக்கு வெளியே இருப்பதைப் பார்த்ததும் நிம்மதியாகிவிடுகிறார்கள். அதே ஃபீமா இணையதளத்தில் வரைபடத்தோடு ஓர் ஆய்வறிக்கையும் இலவசமாகக் கிடைக்கிறது. எந்த ஓடையை எந்த நிறுவனம், எந்த ஆண்டில், எந்த முறையில் ஆய்வு செய்தது என்று அதில் எழுதியிருக்கும். வரைபடத்தின் தேதி புதிதாகவும் உங்கள் ஓடையின் ஆய்வு பல பத்தாண்டுகள் பழையதாகவும் இருந்தால், நகராட்சிப் பொறியாளரிடம் புது ஆய்வு நடக்கிறதா என்று கேளுங்கள். தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்துள்ள ஊர்களில் கோட்டுக்கு வெளியே இருப்பவர்களும் வெள்ளக் காப்பீடு வாங்கலாம். புதிதாக எடுக்கும் பாலிசி பொதுவாக 30 நாட்கள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும் என்பதால், புயல் செய்தி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.