ஒரு கிலோமீட்டருக்கு அப்பால்: மலைச்சரிவுக் குழந்தைகளின் கல்வி உரிமை

பள்ளிக் கல்விக்காக அரசு செலவிடும் வரிப்பணம் யாரைச் சென்று சேர வேண்டும் என்னும் விவாதம், தமிழகத்தில் பெரும்பாலும் தனியார் பள்ளிகளில் ஒதுக்கப்படும் 25 விழுக்காட்டு இடங்களைப் பற்றியதாகவே சுருங்கிவிடுகிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவு, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் தம் நுழைவு வகுப்பில், அதாவது எல்.கே.ஜி. அல்லது முதல் வகுப்பில், குறைந்தது நான்கில் ஒரு பங்கு இடங்களை நலிந்த பிரிவினருக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கும் அளித்து, எட்டாம் வகுப்பு முடியும்வரை கட்டணமின்றிக் கற்பிக்க வேண்டும் என்கிறது. சிறுபான்மையினர் நடத்தும் சுயநிதிப் பள்ளிகளுக்கு உச்ச நீதிமன்றம் 2012இல் இதிலிருந்து விலக்களித்தது. அரசு தன் பள்ளியில் ஒரு மாணவருக்குச் செலவிடும் தொகை, தனியார் பள்ளி வசூலிக்கும் கட்டணம் ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே அப்பள்ளிக்கு ஈடாக வழங்கப்படும் என்பதால், வரிப்பணம் வரம்பின்றித் தனியாருக்குப் போய்விடும் என்னும் அச்சத்துக்குச் சட்டத்திலேயே ஒரு கடிவாளம் இருக்கிறது.

ஆனால் தமிழகத்தில் இந்த இடத்துக்கு விண்ணப்பிக்கும் நலிந்த பிரிவுக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பதோடு, வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்னும் நிபந்தனையும் உண்டு. தேனி மாவட்டம் கொட்டகுடி ஊராட்சியைச் சேர்ந்த குரங்கணி, முதுவாக்குடி, சென்ட்ரல் ஸ்டேஷன், டாப் ஸ்டேஷன் போன்ற மலையூர்களில் வாழும் குடும்பத்துக்கு வருமான நிபந்தனை ஒரு தடையே இல்லை. தூர நிபந்தனையோ முழுத் தடை. தனியார் பள்ளிகள் போடி எனப்படும் போடிநாயக்கனூரிலும் அதையொட்டிய சமவெளியிலும் இருக்க, பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மலையடிவாரத்தோடு நின்றுவிடுகிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் 2022இல் எல்லா மாணவர்களுக்கும் விரிவாக்கிய கல்விக் கணக்குத் திட்டம் போன்று, பணத்தைப் பெற்றோர் கையில் கொடுத்துவிட்டால் போதும் என்று வாதிடுவோர், பள்ளியே இல்லாத இடத்தில் அந்தப் பணத்தைக் கொண்டு எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கும் விடை சொல்ல வேண்டும்.

மலையூர்க் குழந்தைக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு வேறு பிரிவுகளில் இருக்கிறது. அருகமைப் பள்ளி கிடைக்கச் செய்வது அரசின் கடமை என்கிறது 8ஆம் பிரிவு; பள்ளி இல்லாத சிற்றூர்களின் குழந்தைகளுக்கு இலவசப் போக்குவரத்தோ தங்கிப் படிக்கும் வசதியோ செய்து தரப்பட வேண்டும் என்பது சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட விதி. இவற்றைவிடப் போடிப் பகுதிக்கு முக்கியமானதும், மிகக் குறைவாக அறியப்பட்டதும் 5ஆம் பிரிவாகும். ஏலக்காய் எடுக்கும் பருவத்தில் மலைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத் தோட்டங்களில் தங்கி வேலை செய்யும் பெற்றோர், பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்ல நேர்கிறது. அவ்வாறு மாநிலத்துக்குள்ளோ வெளி மாநிலத்துக்கோ இடம்பெயரும் குழந்தை, அங்குள்ள அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளிக்கு மாறிக்கொள்ளலாம். தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழை, வழக்கில் சொல்வதானால் டி.சி.யை, உடனே தர வேண்டும். அது வரத் தாமதமாகிறது என்று புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ முடியாது. பிறப்புச் சான்று இல்லாமையும் சேர்க்கையை மறுக்கக் காரணமாகாது. இடையில் படிப்பை விட்ட குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, தனிப்பயிற்சியும் தர வேண்டும். இந்த உரிமையை அறியாத குடும்பத்தில் பிள்ளை, ஒரு பருவம் பள்ளிக்குப் போகாமலிருந்து, அடுத்த பருவத்தில் தோட்ட வேலைக்கே போய்விடும் அபாயம் உண்டு. 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பது 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 6 மாதம் முதல் 2 ஆண்டுவரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகும்.

இந்த உரிமைகளை நிறைவேற்றுவதில் எழும் நிதிச் சிக்கலின் முழுப் பாரத்தையும் தமிழகம் அண்மையில் கண்டது. மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்னும் விகிதத்தில் பகிர்ந்துகொள்ளும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்கு 2024–25இல் வர வேண்டிய 2,152 கோடி ரூபாய், தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கக் கோரும் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடாததை ஒட்டி நிறுத்தி வைக்கப்பட்டது. தனியார் பள்ளிகளுக்கான ஈட்டுத்தொகையும் இத்திட்டத்தின் வழியே வருவதால், அதைக் காரணமாகக் காட்டி 2025இல் 25 விழுக்காட்டுச் சேர்க்கையை மாநிலம் உரிய காலத்தில் தொடங்கவில்லை. கல்வி உரிமைச் சட்டத்துக்கான நிதியைத் தேசியக் கல்விக் கொள்கையோடு பிணைக்க வேண்டியதில்லை என்றும், மத்திய நிதி வரவில்லை என்று சொல்லி மாநிலம் தன் கடமையிலிருந்து விலக முடியாது என்றும் அந்த ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. அக்டோபரில் சேர்க்கை நடந்தபோது, கல்வியாண்டு பாதி கடந்திருந்ததால், பள்ளிகளில் ஏற்கெனவே சேர்ந்திருந்த குழந்தைகளே கணக்கில் கொள்ளப்பட்டனர். ஜூனில் கட்டணம் செலுத்த இயலாமல் ஒதுங்கிய குடும்பம், யாருக்காக அந்த ஒதுக்கீடு இயற்றப்பட்டதோ அந்தக் குடும்பம், வாயிலிலேயே நின்றுவிட்டது. வருமான வரியோடு 4 விழுக்காடு சுகாதார, கல்வி செஸ் செலுத்தும் போடி வணிகருக்கும் இதில் கேட்க ஒரு கேள்வி உண்டு. மாநிலங்களோடு பங்கிடப்படும் வரித் தொகுப்பில் சேராத அந்தச் செஸ் வருவாய், தன் ஊர்ப் பள்ளிக்கு எப்படி வந்து சேரும்?

போடியில் 25 விழுக்காட்டு இடம் பெற்ற குடும்பங்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எட்டாம் வகுப்போடு அந்தச் சலுகை முடிகிறது. அதன்பின் தனியார் பள்ளியிலேயே தொடர்ந்தால் கட்டணம் குடும்பத்தின் பொறுப்பு. ஒன்பதாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாறிப் பன்னிரண்டாம் வகுப்புவரை அங்கே படிக்கும் பிள்ளைக்கு, மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு கிடைக்க வழி உண்டு.

குறைதீர்க்கும் வழிகளில் முதலாவது பள்ளி மேலாண்மைக் குழு. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். பள்ளிக்கு வந்த நிதி எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது அதன் சட்டப்படியான பணி. கணக்கு கிடைக்காவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வாகன வசதி, ஆசிரியர் பற்றாக்குறை போன்றவற்றைக் கிராம சபையில் தீர்மானமாக்கலாம். கல்வி தொடர்பான உதவிக்கு 14417, குழந்தைத் தொழிலாளர் குறித்துத் தெரிவிக்க 1098 ஆகிய எண்கள் உள்ளன. உரிமை மறுக்கப்பட்டால் 32ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் புகார் தரலாம்; அது மூன்று மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும்; தீர்வு நிறைவளிக்காவிட்டால் மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். இந்த மூன்று மாதக் கெடு எழுத்துவழிப் புகாருக்கே பொருந்தும் என்பதால், பெற்றோர் புகாரை எழுதிக் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.