மானியமா, பங்கா?

திருவானைக்காவலில் வாழை பயிரிடும் அங்கத்தினர் ஒருவர் சென்ற வாரம் தம் புதல்வியுடன் நம்மைக் காண வந்தார். பொறியியல் கற்ற அப்பெண், தார் வெட்டியபின் வீணாகும் வாழை மட்டையிலிருந்து நாரெடுத்து நெய்வோருக்கு விற்கும் கம்பெனி தொடங்க எண்ணுகிறார். ஆதி திராவிடர், பழங்குடியினரின் புத்தொழில்களுக்கென 2022-23ஆம் ஆண்டில் தமிழக அரசு 30 கோடி ரூபாயில் ஏற்படுத்திய நிதியை நாடலாமா என்பது கேள்வி. தேர்வுக் குழுவின் முன் திட்டத்தை விளக்க அவர் அஞ்சவில்லை. "வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டாமாமே?" என்றார் தந்தை.

உண்மைதான், ஆயினும் அது இனாமன்று. கொடுத்த தொகைக்குக் கம்பெனியில் பங்கு எடுத்துக்கொள்ளப்படும். நம் சங்கத்தில் எத்தனை பங்கு வைத்திருப்பினும் ஒருவருக்கு ஒரே வாக்கு. கம்பெனியிலோ பொதுவாகப் பங்குக்கொரு வாக்கு. எத்தனை பங்கு, என்ன மதிப்பு, பிற்பாடு அதை யாருக்கு விற்கலாம் என்பவற்றைப் படித்துப் பாராமல் கையொப்பமிடலாகாது. (சங்கத்தின் துணைவிதிகளையே படியாத அங்கத்தினர் பலரை நாம் அறிவோம்!)

இயந்திரம் வாங்க மட்டுமே பணம் தேவையெனில், 2023இல் அறிவிக்கப்பெற்ற அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டமே ஏற்றது என்பது நம் கருத்து. அதில் மூலதனத்தில் 35 சதவீதம் மானியம். வங்கிக் கடனுக்கு 6 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. பங்கு கேட்பாரில்லை.

முதலில் இயந்திரத்தின் விலையை விசாரித்து வருவதாகச் சொல்லி அப்பெண் விடைபெற்றார்.