சிவுரவின் நிறமும் துண்டும்

பதுளை முத்தியங்கனை விகாரைப் பக்கம் போகும் ஹாமதுருமாரில் ஒருவர் மஞ்சளிலும் மற்றவர் செம்பழுப்பிலும் இருப்பார். “கடும் நிறம் எண்டால் பெரிய ஹாமதுருவா?” என்று பசறை, ஹாலிஎல தோட்டப்புறக் கடைகளில் இருக்கும் நம்மவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. இல்லை, நிறம் பதவியைச் சொல்வதில்லை.

சிங்களத்தில் சிவுர எனப்படுவது பாளியில் சீவரம். தமிழில் காஷாயம் என்போம். நாம் குடிக்கும் கஷாயமும் இந்தக் காஷாயமும் ஒரே வேர்ச்சொல்லில் பிறந்தவை. வேர், மரம், பட்டை, இலை, பூ, காய் ஆகிய ஆறிலிருந்து அவித்தெடுத்த சாயத்தையே விநய விதிகள் அனுமதித்தன. பலாமர வைரத்தை அவித்தும் சாயம் எடுத்தார்கள். மரமும் மண்ணும் மாற நிறமும் மாறியது. இப்போது ஆலைச் சாயம். ஆனாலும் வனவாசப் பிக்குகள் பெரும்பாலும் கடும்பழுப்பையே விரும்புகிறார்கள்.

நிறத்தை விடத் தையல்தான் முக்கியம். ஆரம்பத்தில் குப்பையிலும் மயானத்திலும் பொறுக்கிய துணிகளையே உடுத்தார்கள். பிறகு மகத நாட்டு வயல்களைப் பார்த்து, வரப்புகளைப் போல் துண்டுகளை இணைக்கும் முறையை ஆனந்தர் அமைத்தார் என்கிறது விநயம். முழுத்துணியை வெட்டினால் அதன் விலை போய்விடும்; திருடனும் ஆசைப்பட மாட்டான். வஸ் காலம் முடிந்து வழங்கப்படும் கட்டின சிவுரவையும் அன்றைக்கே வெட்டி, தைத்து, சாயமிட வேண்டும் என்பது மரபு.

உடுக்கும் விதத்திலும் வேறுபாடு உண்டு. 1753இல் தொடங்கிய சியாம் நிகாயத்தார் வலத்தோளைத் திறந்துவிடுவார்கள். பின்வந்த அமரபுர, ராமஞ்ஞ நிகாயத்தார் வெளியே போகும்போது இரு தோள்களையும் மூடுவார்கள்.

நம் இஹ்ராம் தைக்காத துணி. குங்குமப்பூச் சாயம் அதற்கு ஆகாது. சிவுரவோ வெட்டித் தைத்துச் சாயமிட்டது. நம் கொள்கை வேறு, அவர்களுடையது வேறு. ஆனால் துணியால் பெருமை தேடக்கூடாது என்பது இரு பக்கத்தாருக்கும் விளங்கும்.

இதை அறிவது வெறும் பொதுஅறிவுக்காக அல்ல. 2019 மே மாதம் ஹசலகயில் ஒரு முஸ்லிம் பெண்ணின் உடையிலிருந்த கப்பல் சுக்கானைத் தர்மச்சக்கரம் என்று எண்ணிக் கைதுசெய்தார்கள். அடுத்தவரின் அடையாளத்தை அறியாத இடத்தில் ஒரு துணியே வழக்காகிறது. நம் உடையை அவர்கள் விளங்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்கிற நாம், அவர்களுடையதை விளங்கியிருப்பதே முறை. சிவுரவைக் கண்டு பயப்படவும் வேண்டாம், ஏளனம் செய்யவும் வேண்டாம். சிவுர அணிந்த ஒருவர் வெறுப்பைப் பேசினால், அந்த உடையின் அர்த்தத்தையே அவருக்கு நினைவூட்டலாம்.