மாத்திரையோடு முடியாத வேலை: கொக்கிப்புழுத் தடுப்பூசி

கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சியைச் சுற்றியுள்ள ஊர்களைப் போல ஈரமும் மணலும் கலந்த மண் வாய்த்த வயல்வெளிகளில், திறந்தவெளியில் மலம் கழிக்கும் வழக்கம் எங்கெல்லாம் எஞ்சியிருக்கிறதோ அங்கெல்லாம் கொக்கிப்புழுவுக்கு இடமுண்டு. மலத்தோடு மண்ணில் விழும் முட்டை பொரிந்து வெளிவரும் இளம்புழு, வெறுங்காலின் தோலைத் துளைத்து, குருதியோட்டத்தின் வழியே நுரையீரலை அடைந்து, அங்கிருந்து தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலின் சுவரைக் கவ்விக்கொள்கிறது. தென்னிந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் நெகேட்டர் அமெரிக்கானஸ் இனத்தின் ஒரு புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலிட்டர் குருதியையே உறிஞ்சுகிறது. ஆயினும் அத்தகைய புழுக்கள் நூற்றுக்கணக்கில் ஆண்டுக்கணக்காகத் தங்கும்போது, ஏற்கெனவே இரும்புச்சத்துக் குறைந்த உடலில் அது கடும் ரத்தசோகையாக முற்றுகிறது.

தமிழ்த் தொழிலாளரின் வரலாற்றிலேயே இப்புழுவுக்குப் பங்குண்டு. திருச்சி, சேலம் மாவட்டங்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றவர்களிடையே அது பரவியிருந்ததால், ராக்பெல்லர் நிறுவனம் 1916இல் மாத்தளைப் பகுதியில் ஒழிப்புப் பணியைத் தொடங்கியது. இன்று தேசியக் குடற்புழு நீக்க நாளில் (2015இல் தொடங்கப்பட்டது) 1 முதல் 19 வயது வரையுள்ளோருக்கும், தமிழ்நாட்டில் கூடுதலாக 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும் ஆல்பெண்டசோல் மாத்திரை வழங்கப்படுகிறது. ஆனால் மாத்திரை, உள்ளிருக்கும் புழுவை வெளியேற்றுமே தவிர, மறுநாள் வயலில் காலைத் துளைக்கும் இளம்புழுவைத் தடுக்காது. மேலும், உருண்டைப்புழுவைப் போலன்றிக் கொக்கிப்புழுவின் சுமை வயதுவந்தோரிடமே மிகுதி. பல ஆண்டுகள் புழுவைச் சுமந்தவருக்கும் அதை எதிர்க்கும் ஆற்றல் தானாக அமைவதில்லை.

இந்தக் குறையை நிரப்பவே தடுப்பூசி தேடப்படுகிறது. கதிர்வீச்சால் வலுவிழந்த இளம்புழுக்களைக் கொண்ட நாய்களுக்கான தடுப்பூசி 1973இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து, உயிருள்ள புழுக்களை நெடுநாள் வைத்திருக்க முடியாமை முதலிய காரணங்களால் 1975இல் கைவிடப்பட்டது. எனினும், காப்பு இயலக்கூடியதே என்பதை அது காட்டிவிட்டது. மனிதருக்கான முயற்சியில் முதல் அடி பெரிதாக விழுந்தது. இளம்புழு சுரக்கும் ஏஎஸ்பி-2 என்ற புரதத்தைப் பிரேசிலில் செலுத்தியபோது, முன்பே தொற்றுக்கு ஆளாகியிருந்தவர்களின் குருதியில் அப்புரதத்துக்கு எதிரான ஒவ்வாமை எதிர்ப்பொருள் இருந்ததால் உடலெங்கும் தடிப்புகள் தோன்றி, ஆய்வு நிறுத்தப்பட்டது. தடுப்பூசி யாருக்குத் தேவையோ அவர்களுக்கே அது தீங்காகக்கூடும் என்ற இந்தப் பாடம் மிக முக்கியமானது. பின்னர் பீட்டர் ஹோட்டெஸ் முதலிய ஆய்வாளர்கள் வளர்ந்த புழுவின் குடலுக்குள் உள்ள, குருதியைச் செரிக்கவும் அதன் நச்சை நீக்கவும் உதவும் ஏபிஆர்-1, ஜிஎஸ்டி-1 ஆகிய புரதங்களுக்கு மாறினர். புழு குருதியோடு சேர்த்து எதிர்ப்பொருளையும் உறிஞ்சி, தன் உணவாலேயே நலிவுறும் என்பது இதன் அடிப்படை. இவை தன்னார்வலர்களிடம் சோதிக்கப்பட்டு வருகின்றன. அனுமதி பெற்ற தடுப்பூசி இன்னும் இல்லை.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, திமிரியிலும் சவ்வாது மலையிலும் எல்லா வயதினருக்கும் ஆண்டுக்கு இருமுறை என மூன்று ஆண்டுகள் மாத்திரை வழங்கிப் பரவலை அறுக்க முடியுமா என ஆராய்ந்திருப்பதால், வருங்காலத் தடுப்பூசிச் சோதனைக்குரிய களப்பயிற்சி தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. அதுவரை, முப்பது வயதைக் கடந்த வயற்கூலிப் பெண்களையும் ஆண்களையும் மாத்திரைத் திட்டத்தில் சேர்ப்பதே அரசு உடனே செய்ய வேண்டிய பணியாகும்.