குளிர்பதனப் பெட்டி: கைக்குச் சில்லென்றிருந்தால் போதுமா?

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது நம் வீடுகளில் அதிகம் உழைப்பது அடுப்புதான் என்று பலரும் நினைப்பார்கள். அடுப்புக்காவது இரவில் ஓய்வு உண்டு. குளிர்பதனப் பெட்டிக்கு அதுவும் இல்லை. ஆட்டிறைச்சி, அரைத்த மாவு, தேங்காய்ப்பால், பிள்ளைகளின் குளிர்பானம் என எல்லாம் அதற்குள் அடைக்கப்படுகின்றன. அந்த நெரிசலில் தாத்தாவின் இன்சுலின் பெட்டி எந்த மூலைக்குத் தள்ளப்பட்டது என்பதை யாரும் கவனிப்பதில்லை.

நீரிழிவு நோயாளி உள்ள வீட்டில் இது சிறிய விஷயமன்று. திறக்கப்படாத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் வைக்க வேண்டும். உறைவுப் பகுதிக்கு அருகிலோ பின்சுவரைத் தொட்டபடியோ இருந்தால் அது உறைந்துபோகலாம். ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகிய பிறகு பார்ப்பதற்கு நன்றாகத் தெரிந்தாலும் அதன் வீரியத்தை நம்ப முடியாது. அதைப் பயன்படுத்தக்கூடாது. நடுத்தட்டின் முன்பக்கமே அதற்கு ஏற்ற இடம்.

எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்

பல பெட்டிகளில் 1 முதல் 5 வரையோ 7 வரையோ எண்கள் கொண்ட திருகு இருக்கும். அந்த எண்களை டிகிரி என்று நினைத்து, "4ல்தான் வைத்திருக்கிறேன்" என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. அவை டிகிரி அல்ல. எண் கூடினால் குளிர் கூடும், அவ்வளவுதான்.

உள்ளே உண்மையான குளிர் எவ்வளவு என்பதை அறிய ஒரு வெப்பமானி தேவை. அதன் விலை சில வெள்ளிதான். ஒரு குவளைத் தண்ணீரில் அதை நிறுத்தி, நடுத்தட்டில் இரவு முழுவதும் வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். 3 அல்லது 4 டிகிரி காட்டினால் உணவுக்கும் நல்லது, மருந்துக்கும் நல்லது. உறைவுப் பகுதி மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும்.

வெப்பம் வெளியேற வழி வேண்டும்

குளிர்பதனப் பெட்டி குளிரை உற்பத்தி செய்வதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. குழாய்களில் ஓடும் திரவம் உள்ளே ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சுகிறது. கம்பிரசர் அந்த ஆவியை அழுத்தி அனுப்ப, பின்புறம் அல்லது பக்கச் சுவர்கள் வழியாக அந்த வெப்பம் வெளியேறுகிறது. பக்கச் சுவர் சற்றுச் சூடாக இருப்பது கோளாறு அல்ல.

இடநெருக்கடி உள்ள அடுக்குமாடி வீடுகளில் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்து, மேலே துணி விரித்து, பக்கத்தில் அரிசி மூட்டையையும் சாய்த்து வைக்கிறார்கள். வெப்பம் போக வழியில்லாமல் கம்பிரசர் ஓயாமல் ஓடும். மின்கட்டணம் ஏறும், பெட்டியின் ஆயுள் குறையும். கையேட்டில் சொல்லப்பட்ட இடைவெளியை விடுங்கள். பின்புறக் குழாய்கள் வெளியே தெரியும் ரகமாக இருந்தால், ஆண்டுக்கு இரண்டு முறை மின்தொடர்பைத் துண்டித்துத் தூசியைத் துடைத்தெடுங்கள்.

கதவின் ரப்பர் பட்டையையும் சோதிக்க வேண்டும். ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்துவிட்டால் பட்டை தளர்ந்துவிட்டது என்று பொருள். பல வேளைகளில் அழுக்குதான் காரணம். மிதமான சவர்க்கார நீரால் துடைத்தாலே சரியாகிவிடும். கிழிந்திருந்தால் மாற்றுங்கள்.

பனிக்கட்டியும் கொசுவும்

தானாகப் பனி உருகாத பெட்டிகளில் பனி அரை சென்டிமீட்டரைத் தாண்டினால், மின்தொடர்பைத் துண்டித்துத் தானாக உருக விடுங்கள். கத்தியால் குத்துவது ஆபத்து. இன்றைய பல பெட்டிகளில் ஓடுவது ஐசோபியூட்டேன் எனும் எளிதில் தீப்பற்றும் வாயு. குழாய் துளைபட்டால் பெட்டி வீணாவதோடு தீ அபாயமும் உண்டு.

காய்கறித் தட்டின் அடியில் தண்ணீர் தேங்கினால், பின்சுவரின் கீழுள்ள வடிகால் துளை அடைத்திருக்கலாம். அந்த நீர் போய்ச் சேரும் தட்டு பின்புறம் இருக்கிறது. ஏடிஸ் கொசு முட்டையிட அந்தத் தேங்கிய நீர் போதும். முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரமே ஆகும் என்பதால், வெளியே எடுக்கக்கூடிய தட்டாக இருந்தால் வாரந்தோறும் கழுவிவிடுங்கள்.

குளிர் கிருமிகளைக் கொல்வதில்லை

குளிர் பெரும்பாலான கிருமிகளின் வளர்ச்சியை மந்தப்படுத்துகிறது, அழிப்பதில்லை. பச்சை இறைச்சியும் மீனும் எப்போதும் மூடிய பாத்திரத்தில் கீழ்த்தட்டில் இருக்கட்டும். அவற்றின் நீர் சமைத்த உணவில் சொட்டக்கூடாது. சோறும் குழம்பும் சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். பெரிய பானையோடு வைத்தால் நடுப்பகுதி ஆற வெகுநேரம் ஆகும். ஆழமில்லாத சிறு பாத்திரங்களில் பிரித்து வைப்பதே முறை.

மின்தடை ஏற்பட்டால் கதவைத் திறக்காதீர்கள். மூடியிருக்கும் பெட்டி சுமார் 4 மணி நேரமும், நிறைந்த உறைவுப் பகுதி சுமார் 48 மணி நேரமும் குளிரைக் காக்கும். மின்தொடர்பை நீங்களே துண்டித்திருந்தால், ஐந்து நிமிடம் பொறுத்தே மீண்டும் இயக்குங்கள்.

பண்டிகைக்கு முன் வீட்டை ஒட்டடை அடிக்கும் நாளில், குளிர்பதனப் பெட்டிக்கும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் பழையதை வெளியே எடுத்துப் போடுங்கள். பிறகு வெப்பமானியைப் பாருங்கள். இறைச்சியும் மாவும் உள்ளே போவதற்கு முன், தாத்தாவின் மருந்துக்கு ஓர் இடத்தை ஒதுக்கிவிடுங்கள்.