விளையாட்டுக்கு ஒரு மணி நேரம்
முதல் ஐந்து ஆண்டுகள் – 6

சென்ற வாரம் அமெரிக்காவின் பெர்ரி பாலர் பள்ளி ஆய்வைப் பார்த்தோம். பட்டம் பெற்ற ஆசிரியர்கள், ஒருவருக்கு ஐந்தாறு குழந்தைகள் என எல்லாம் கூடிவந்த பள்ளி அது. பணமுள்ள நாட்டுக்கு அது சரி, ஏழை நாடுகள் எங்கே போகும் என்ற கேள்வி நியாயமாகவே எழும். அதற்கான விடை ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில் 1980களின் பிற்பகுதியில் கிடைத்தது. சிறு குழந்தைக் கல்வியில் கடந்த அரை நூற்றாண்டில் நாம் கற்றுக்கொண்ட மிகப் பெரிய பாடம் ஒன்று உண்டு. குழந்தையின் முகம் பார்த்து, அதன் பேச்சுக்குக் காதுகொடுத்து, கூட உட்கார்ந்து விளையாட ஒரு பெரியவர் ஒதுக்கும் நேரமே இந்தக் கல்வியின் உயிர் என்பதுதான் அது. கட்டடமும் கருவியும் பாடநூலும் அதற்குத் துணை நிற்கலாம். அதன் இடத்தைப் பிடிக்க முடியாது.

மருத்துவர் சாலி கிரந்தம்-மெக்ரிகரும் அவருடைய குழுவினரும் கிங்ஸ்டனில் 9 முதல் 24 மாத வயதுள்ள 129 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லோரும் ஊட்டம் குறைந்து, வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். அவர்களைக் குலுக்கல் முறையில் நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வாரம் ஒரு கிலோ பால்மாவு ஊட்டச்சத்து, இன்னொன்றுக்கு வாரம் ஒரு முறை வீட்டுக்கே வந்து விளையாட்டு, மூன்றாவதற்கு இரண்டும், நான்காவதற்கு இரண்டும் இல்லை. வீட்டுக்குப் போனவர்கள் அந்தப் பகுதிச் சுகாதாரப் பணியாளர்கள். பெரிய படிப்பு படித்தவர்கள் இல்லை. இந்த வேலைக்கென்று பயிற்சி பெற்றவர்கள். காலி பிளாஸ்டிக் பாட்டில், அட்டைப்பெட்டி போன்ற கழிவுப் பொருள்களில் செய்த பொம்மைகளை எடுத்துப் போவார்கள். ஒரு மணி நேரம் தாயையும் குழந்தையையும் சேர்த்து உட்கார வைத்து விளையாடுவார்கள். குழந்தை எதையாவது சுட்டிக்காட்டினால் அதன் பெயரைச் சொல்வது, பாட்டிலுக்குள் மூடியைப் போட்டுவிட்டால் பாராட்டுவது, குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் பேசிக்கொண்டே இருப்பது என்று தாய்க்குக் காட்டிக்கொடுப்பார்கள். கொண்டுவந்த பொம்மையை வீட்டிலேயே விட்டுவிட்டு, அடுத்த வாரம் வேறொன்றோடு வருவார்கள். இரண்டு ஆண்டுகள் இது நடந்தது.

அந்தக் குழந்தைகள் 22 வயதை எட்டியபோது மறுபடி தேடிக் கண்டுபிடித்துச் சோதித்தார்கள். விளையாட்டு பெற்றவர்களின் அறிவுத்திறனும் படிப்பும் கூடியிருந்தன. மனச்சோர்வும் அடிதடியும் குறைந்திருந்தன. பொருளாதார அறிஞர் பால் கெர்ட்லர் குழுவினர் 2014இல் வெளியிட்ட கணக்குப்படி, அவர்களின் வருமானம் மற்றவர்களுடையதைவிட 25 சதவீதம் அதிகம். 31 வயதில் அந்த இடைவெளி 37 சதவீதமாக விரிந்தது. பால்மாவு மட்டும் பெற்ற குழுவிடம் இப்படி நீடித்த பலன் எதுவும் தென்படவில்லை. இதை வைத்து உணவு தேவையில்லை என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. பசித்த குழந்தைக்குச் சோறு போடுவது எந்த ஆய்வின் அனுமதிக்கும் காத்திருக்க வேண்டிய காரியமல்ல. ஆனால், வயிற்றை நிரப்பினால் மற்றது தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இங்கே ஆதாரம் இல்லை.

129 குழந்தைகளை வைத்து உலகத்துக்கே பாடம் சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆராய்ச்சியாளர்கள் கண்ணும் கருத்துமாக நடத்திய சிறு திட்டத்தை அரசு இயந்திரம் அப்படியே நடத்திவிடுமா என்ற சந்தேகமும் சரியானதே. கொலம்பியாவில் இதைச் சோதித்தார்கள். அங்கே ஏற்கெனவே இருந்த அரசு உதவித்தொகைத் திட்டத்தின் வழியாக, ஊர்த் தாய்மார்களையே பயிற்றுவித்து, 96 நகராட்சிகளில் 1,420 குழந்தைகளிடையே 18 மாதம் நடத்தினார்கள். குழந்தைகளின் அறிவு வளர்ச்சியிலும் சொல் புரியும் திறனிலும் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால், திட்டம் முடிந்து இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது அந்த முன்னேற்றம் தங்கியிருக்கவில்லை. இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. விரிவாக்கும்போது மேற்பார்வையும் பயிற்சியும் நீர்த்துப்போகும். வீட்டு வருகை நின்ற பிறகு குழந்தை போய்ச் சேரும் இடமும் நன்றாக இருக்க வேண்டும். கொலம்பியாவை நான் படிக்கும் விதம் இதுதான்: இப்படிப்பட்ட திட்டத்தை ஒரு முறை போடும் தடுப்பூசிபோல் நினைக்கக் கூடாது. வீட்டில் தொடங்கியதைப் பாலர் பள்ளி எடுத்துத் தொடர வேண்டும்.

அப்படித் தொடர முடியும் என்பதற்கான வலுவான சான்றுகளில் ஒன்று தமிழ்நாட்டிலேயே கிடைத்திருக்கிறது. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் ஓர் அங்கன்வாடி டீச்சர் என்னென்ன செய்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். குழந்தைகளின் எடை பார்க்க வேண்டும், சத்துமாவு கொடுக்க வேண்டும், கர்ப்பிணிகளைப் பார்த்துவர வேண்டும், பதிவேடு பதிவேடாக எழுத வேண்டும். பாட்டும் கதையும் மிஞ்சிய நேரத்துக்குத் தள்ளப்படுகின்றன. அலெஹாண்ட்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் மூவரும் இங்கே 320 மையங்களில் ஆய்வு நடத்தினார்கள். அவற்றில் பாதி மையங்களில், முன்பருவக் கல்விக்கென்றே அரை நாள் வேலைக்குக் கூடுதலாக ஒருவரை நியமித்தார்கள். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. 18 மாதத்தில் குழந்தைகளின் கணக்குத் திறனும் மொழித் திறனும் தெளிவாக உயர்ந்தன. பழைய டீச்சருக்குக் கை சற்று ஓய்ந்ததால் ஊட்டச்சத்து வேலையிலும் கவனம் கூடி, வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் விகிதமும் குறைந்தது. உணவா கல்வியா என்று இரண்டையும் மோதவிடுபவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா? புதுக் கட்டடமோ கணினித் திரையோ சேர்க்காமல், ஓர் ஆளைச் சேர்த்ததால் வந்த மாற்றம் இது.

ஆள் இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. அமெரிக்காவின் டென்னசி மாநிலம் அதைக் கற்பித்தது. ஏழைக் குழந்தைகளுக்கான அங்குள்ள அரசுப் பாலர் வகுப்புகளில் இடம் கிடைத்தவர்களையும், குலுக்கலில் இடம் கிடைக்காதவர்களையும் ஆறாம் வகுப்புவரை பின்தொடர்ந்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. இடம் கிடைத்தவர்கள் தேர்வில் பின்தங்கியிருந்தார்கள். ஒழுங்கு நடவடிக்கைக்கும் அதிகமாக ஆளாகியிருந்தார்கள். சீக்கிரம் பள்ளிக்கு அனுப்பாதீர்கள் என்பதற்கு இதையே ஆதாரமாகச் சிலர் காட்டுகிறார்கள். அந்த ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான டேல் ஃபேரன் வேறொன்றைச் சுட்டுகிறார். நான்கு வயதுக் குழந்தைகளை மொத்தமாக உட்கார வைத்துப் பாடம் நடத்துவதும், வரிசையில் நிறுத்திக் காக்க வைப்பதும், சும்மா இருக்கச் சொல்வதுமாகப் பொழுது கழிகிறது. குழந்தை சொல்வதைக் கேட்க நேரம் இல்லை. நம் ஊர் எல்.கே.ஜி. வகுப்பில் நாற்பது குழந்தைகள் நோட்டில் ஒரே எழுத்தைப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். எழுத்து தெரியவில்லையே என்று பெற்றோர் கவலைப்படுவது பிள்ளைமேல் உள்ள அக்கறையால்தான். ஆனால் கதை கேட்டு, கேள்வி கேட்டு, சொல் பெருகிய குழந்தைக்கு எழுத்து பின்னால் எளிதில் வரும். சொல்லே பெருகாத குழந்தைக்கு நோட்டில் நிரப்பிய எழுத்து எதற்கு உதவும்?

2022 நவம்பரில் தாஷ்கண்டில் கூடிய யுனெஸ்கோ மாநாட்டில், கல்விச் செலவில் குறைந்தது 10 சதவீதத்தை முன்பருவக் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்று நாடுகள் அறிக்கை வெளியிட்டன. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அந்தப் பணம் எதை வாங்கப் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இன்று அரசுகள் மையங்களை எண்ணுகின்றன, சேர்ந்த குழந்தைகளை எண்ணுகின்றன, விநியோகித்த உணவை எடை போடுகின்றன. ஒரு மூன்று வயதுக் குழந்தையிடம் ஒரு பெரியவர் நாளொன்றுக்கு எத்தனை நிமிடம் நேருக்கு நேர் பேசினார் என்று எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? அதை அளக்கத் தொடங்கினால், அந்த நிமிடங்களைத் தின்னும் பதிவேட்டு வேலையைக் குறைக்கச் சொல்லலாம். குழந்தைகளின் எண்ணிக்கைக்கேற்ப ஆள் கேட்கலாம். அந்த ஆளுக்கு மதிப்பான சம்பளமும் தொடர்ந்த பயிற்சியும் கேட்கலாம். முன்பருவக் கல்விக்கென்று ஒதுக்கும் ஒவ்வொரு ரூபாயையும் இந்த ஒரு கேள்வியால் சோதித்துப் பார்க்கும் உரிமை வரி கட்டும் நமக்கு உண்டு.

(தொடரும்)