காற்றைப் பிடிக்கும் ஆன்டெனாக்கள்

சித்தூர்-திருப்பதி சாலையில் பஸ்ஸில் போகும் பக்தர்களின் கண் ஏழுமலையைத் தேடும். வழியிலுள்ள காதங்கி கிராமத்தை யாரும் கவனிப்பதில்லை. வானிலை விஞ்ஞானிகளுக்கோ அது முக்கியமான ஊர். குன்றுகள் சூழ்ந்த அங்கே, 130 மீட்டர் சதுரத்தில், வரிசைக்கு 32 வீதம் 32 வரிசைகளாக 1,024 யாகி ஆன்டெனாக்கள். மொட்டைமாடிகளில் முன்பு நின்ற டிவி ஆன்டெனாக்களின் உறவுக்காரர்கள். 1990களின் தொடக்கத்தில் அமைந்த எம்எஸ்டி ராடார் இது.

செயற்கைக்கோளின் அகச்சிவப்புக் கருவி மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று சொல்லும். உள்ளே காற்று என்ன வேகத்தில் மேலெழுகிறது என்று சொல்லாது. காதங்கி சொல்லும். 53 மெகாஹெர்ட்ஸ் அலை வானுக்குப் போகிறது. காற்றின் கொந்தளிப்பில் பட்டு மிக மெலிந்து திரும்புகிறது. அதன் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதிலிருந்து காற்றின் வேகம் தெரிகிறது. மேகமே இல்லாத வானத்திலும் இது சாத்தியம்.

மேலெழும் காற்றுதான் இடிமழையின் உயிர். அதைத் தவறாகக் கணித்தால் மழைக் கணிப்பும் தவறும், விதைத்தவர்தான் நஷ்டப்படுவார். 2005-இல் தேசிய வளிமண்டல ஆய்வகம் என்று பெயர் மாறிய இந்த இடத்துக்கு ஒரு வரம்பு உண்டு: அதன் ராடார் பார்ப்பது தன் தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டுமே.